நாமா, நாங்களா? ஐரோப்பாவின் வலதுசாரி பாப்புலிசம்

‘பாப்புலிஸ்ட் பட்ஜெட்’ என்று படித்தால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? மிக்ஸி, கிரைண்டர், கடன் தள்ளுபடி, பஸ்ஸில் இலவசப் பயணம். தேர்தல் வருகிறது, கஜானாவைத் திறந்துவிட்டார்கள் என்ற குத்தல் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும். தமிழிலும் அதை ‘ஜனரஞ்சகம்’, ‘கவர்ச்சித் திட்டம்’ என்றுதான் எழுதிப் பழகியிருக்கிறோம். இந்த ஞாபகத்தோடு ஐரோப்பியச் செய்திகளுக்குப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். அங்கே பாப்புலிஸ்ட் என்று பெயர் வாங்கிய கட்சி எதையும் இலவசமாகத் தருவதாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொல் அதே சொல், பொருள் வேறு. ‘வெகுஜனவாதம்’ என்ற மொழிபெயர்ப்பும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அது கேட்க ஏதோ நல்ல சமாச்சாரம் போல ஒலிக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் பாப்புலிசம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அரசியல் அறிஞர்கள் நடுவில் அதிகம் புழங்கும் விளக்கம், நெதர்லாந்தைச் சேர்ந்த காஸ் முடே 2004ல் சொன்னது. பாப்புலிசத்தின் கண்ணுக்குச் சமூகம் இரண்டே கூறாகத் தெரிகிறது. ஒரு பக்கம் களங்கமில்லாத மக்கள், மறுபக்கம் ஊழல் பிடித்த மேட்டுக்குடி. அரசியல் என்பது அந்த மக்களின் விருப்பத்தை அப்படியே நிறைவேற்றுவது. நடுவில் வரும் நீதிமன்றம், பத்திரிகை, அதிகாரி எல்லாம் தடைக்கற்கள். அவ்வளவுதான். இதைத் தாண்டி வரி எவ்வளவு, ஓய்வூதியம் எத்தனை வயதில் என்பதற்கெல்லாம் பாப்புலிசத்திடம் சொந்தமாகப் பதில் கிடையாது. அது மெல்லிய சரக்கு. நிற்பதற்கு இன்னொரு கொள்கையின் தோள் வேண்டும். இடதுசாரித் தோளிலும் அது ஏறும். கிரீஸில் 2015ல் ஆட்சிக்கு வந்த சிரிஸா, ஸ்பெயினில் 2014ல் பிறந்த பொதேமோஸ் ஆகிய கட்சிகள் இரண்டும் அந்த வகை. அங்கே மேட்டுக்குடி என்றால் வங்கிகளும் பெருமுதலாளிகளும். வலதுசாரித் தோளில் ஏறும்போது ஒரு மூன்றாவது ஆளும் கதைக்குள் வருகிறான். அவன் வெளியாள்: குடியேறி, அகதி, முஸ்லிம். மேலே இருப்பவர்கள் உங்களை ஏமாற்றி, வெளியே இருந்து வருபவர்களுக்கு எல்லாம் கொடுக்கிறார்கள் என்பதுதான் அதன் முழுக்கதை.

இந்தக் கதையை வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பிறகு, 720 இடங்களில் 187, அதாவது நாலில் ஒரு பங்குக்கும் சற்று மேல், வலதுகோடியில் அமர்ந்த மூன்று அணிகளிடம் போயிற்று. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

இதில் திறவுகோல் ‘மக்கள்’ என்ற சொல்தான். அதைப் புரிந்துகொள்ள ஜெர்மனியின் ஒரு கோஷத்தைப் பார்க்கலாம். 1989ல் கிழக்கு ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் திங்கள்கிழமை தோறும் ஊர்வலம் நடந்தது. அக்டோபர் 9 அன்று சுமார் 70,000 பேர் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் எழுப்பிய கோஷம் ‘விர் ஸிண்ட் தாஸ் ஃபோல்க்’. நாங்கள்தான் மக்கள் என்று பொருள். அந்த நாட்டின் போலீஸுக்குப் பெயர் மக்கள் போலீஸ், நாடாளுமன்றத்துக்குப் பெயர் மக்கள் மன்றம். எல்லாவற்றிலும் மக்கள் இருந்தார்கள், மக்களைத்தான் காணோம். அதனால் அந்தக் கோஷம் சுருக்கென்று தைத்தது. பெர்லின் சுவர் விழுந்ததும் கோஷத்தில் ஒரே ஒரு சொல் மாறியது: ‘விர் ஸிண்ட் ஐன் ஃபோல்க்’. கிழக்கும் மேற்கும் சேர்ந்து ஒரே மக்கள்.

ஜெர்மானியனுக்கு இரண்டிலும் ஒரே ‘விர்’. தமிழில் எழுதுகிறவருக்கு அந்த வசதி இல்லை. கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் நாம், விட்டுவிட்டால் நாங்கள் என்று முதலிலேயே முடிவெடுத்தாக வேண்டும். ஆட்சியாளரைப் பார்த்துச் சொன்னது ‘நாங்கள்தான் மக்கள்’. மேற்கு ஜெர்மானியரைப் பார்த்துச் சொன்னது ‘நாம் ஒரே மக்கள்’.

அப்புறம் 25 வருடம் கழித்து, 2014 அக்டோபரில், பக்கத்து ட்ரெஸ்டன் நகரில் பெகிடா என்ற அமைப்பு ஊர்வலம் தொடங்கியது. மேற்குலகம் இஸ்லாமிய மயமாவதை எதிர்க்கிறோம் என்பது அதன் பெயரிலேயே இருந்தது. அதே திங்கள்கிழமை, அதே ‘விர் ஸிண்ட் தாஸ் ஃபோல்க்’. பெர்லினில் இருக்கும் அரசைப் பார்த்து மட்டும் அவர்கள் அதைச் சொல்லவில்லை. தெருவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த சிரியாக்காரரையும் துருக்கியரையும் அந்த ‘விர்’ வெளியே நிறுத்தியது. ஒரு எழுத்துகூட மாறாமல் கோஷத்தின் அர்த்தம் திரும்பிவிட்டது. வலதுசாரி பாப்புலிசத்துக்கு ஒரு வரியில் அடையாளம் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: ‘நாம்’ என்று கேட்கும்படி ‘நாங்கள்’ என்று பேசுவது.

சரி, இந்தப் பேச்சு ஏன் எடுபடுகிறது? கோபக்கார ஏழைகள் ஓட்டுப் போடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஒரு ஊரைக் கிட்டத்தில் பார்த்தால் அது போதாது என்று தெரியும்.

பிரான்ஸின் வடக்கே எனான்-போமோன் என்று ஒரு ஊர். சுமார் 26,000 பேர். நிலக்கரிச் சுரங்கப் பகுதி. சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய கழிவு, மலை மலையாக இன்றும் அங்கே நிற்கிறது. 1906ல் பக்கத்திலிருந்த கூரியர் சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 1,099 பேர் செத்தார்கள். வேலைக்கு ஆள் போதாமல் 1920களில் போலந்திலிருந்தும், 1960களில் மொராக்கோவிலிருந்தும் ஆட்களைக் கூட்டிவந்தார்கள். ஆக, இது குடியேறிகளையே பார்த்திராத ஊர் இல்லை. சுரங்கத்தோடு தொழிற்சங்கம், சங்கத்தோடு இடதுசாரிக் கட்சி என்று தலைமுறை தலைமுறையாக ஓட்டு ஒரே பக்கம் விழுந்த பூமி அது.

அந்த வட்டாரத்தின் கடைசிச் சுரங்கம் 1990ல் மூடப்பட்டது. 2003ல் பக்கத்து ஊரில் ஈயமும் துத்தநாகமும் உருக்கிய மெட்டால்யூரோப் ஆலை மூடப்பட்டு 830 பேர் வேலை இழந்தார்கள். ஆலை விட்டுச்சென்றது ஈயம் ஊறிய மண். நகரசபையில் இருந்ததோ சோஷலிஸ்ட் மேயர். அவர் 2009ல் பொதுப்பணத்தைக் கையாடிய வழக்கில் கைதாகிப் பதவி பறிக்கப்பட்டார், பிறகு தண்டனையும் பெற்றார். ‘எல்லாரும் திருடர்கள்’ என்பதற்கு அதற்குமேல் பிரசாரம் தேவைப்படவில்லை.

இந்த ஊரில்தான் மரீன் லு பென் வந்து கடை விரித்தார். அப்பா ழான் மரி லு பென் 1972ல் தொடங்கிய தேசிய முன்னணி, யூத எதிர்ப்புக்கும் வசைக்கும் பேர்போன கட்சி. விஷவாயு அறைகள் இரண்டாம் உலகப்போர் வரலாற்றில் ஒரு சின்ன விவரம் என்று 1987ல் சொன்னவர் அப்பா. மகள் 2011ல் தலைவரானதும் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தார். 2015ல் அப்பாவையே கட்சியிலிருந்து நீக்கினார். 2018ல் கட்சியின் பெயரை தேசிய அணிதிரட்டல் என்று மாற்றினார். எனான்-போமோனில் அவர் 2008லேயே நகரசபை உறுப்பினராகியிருந்தார். 2012 நாடாளுமன்றத் தேர்தலில் அங்கே 118 ஓட்டில் தோற்றார். 2014ல் அவருடைய கட்சிக்காரர் ஸ்டீவ் பிரியுவா முதல் சுற்றிலேயே 50.25 சதவீதம் வாங்கி மேயரானார். உள்ளூர்ப் பையன், வருடக்கணக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர். மற்ற கட்சிகள் தேர்தலுக்குத் தேர்தல் தலைகாட்டிய இடத்தில், இவர் சந்தையிலும் தெருமுனையிலும் நின்றுகொண்டே இருந்தார்.

பதவிக்கு வந்ததும் செய்த வேலைகளில் இரண்டைச் சொல்கிறேன். வீட்டு வரியை 10 சதவீதம் குறைத்தார். நகரசபைக் கட்டடத்தில் இடம் வைத்திருந்த மனித உரிமை அமைப்பை வெளியேற்றினார். கட்சியின் குணம் முழுதும் இந்த இரண்டில் தெரிந்துவிடுகிறது. நம் ஆட்களுக்குச் சலுகை, கேள்வி கேட்கிறவர்களுக்குக் கதவு. 2020ல் அவர் மறுபடியும் முதல் சுற்றிலேயே ஜெயித்தார், இந்த முறை சுமார் 74 சதவீதத்தோடு.

‘வலதுசாரி’ என்ற சொல்லில் நாம் தடுக்கி விழும் இடமும் இதுதான். வலதுசாரி என்றால் தனியார்மயம், வரிக்குறைப்பு, நலத்திட்ட வெட்டு என்று பொருளாதாரக் கண்ணால் பார்க்கப் பழகியிருக்கிறோம். அப்பா லு பென் 1980களில் அப்படித்தான் பேசினார். மகள் ஓய்வூதிய வயதை ஏற்றக் கூடாது, அரசு ஆஸ்பத்திரி வேண்டும், தபால் ஆபீஸை மூடாதே என்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பழைய கம்யூனிஸ்ட் பேச்சு. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை: அரசு வீடானாலும் உதவித்தொகையானாலும் பிரெஞ்சுக்காரருக்கே முன்னுரிமை. இடதுசாரிகள் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்து, பந்தியில் யார் உட்காரலாம் என்ற பட்டியலை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறார்.

எல்லா நாட்டிலும் இதே பாதை இல்லை. ஜெர்மனியின் ஏஎஃப்டி (‘ஜெர்மனிக்கு மாற்று’) கட்சி 2013ல் பிறந்தபோது அதைப் பேராசிரியர் கட்சி என்று கேலி செய்தார்கள். பெர்ன்ட் லுக்கெ என்ற பொருளாதாரப் பேராசிரியர் முன்னணியில் இருந்தார். கடனில் மூழ்கிய கிரீஸுக்கு நம் வரிப்பணமா, யூரோ நாணயமே வேண்டாம் என்பதுதான் அன்றைய கொள்கை. அந்த வருடம் 4.7 சதவீதம் வாங்கி, நாடாளுமன்றம் நுழையத் தேவையான 5 சதவீதத்தைக் கோட்டை விட்டது. 2015 கோடையில் கட்சிக்குள்ளேயே இன்னும் வலதுபக்கம் நின்றவர்கள் லுக்கெயைத் தோற்கடித்தார்கள். அடுத்த சில வாரங்களில், ஆகஸ்ட் 31 அன்று, அப்போது அரசுத் தலைவராக இருந்த சான்சலர் அங்கெலா மெர்க்கெல் அகதிகளைப் பற்றி ‘நம்மால் முடியும்’ என்றார். அந்த வருடம் ஜெர்மனிக்கு வந்த அகதிகள் சுமார் 8,90,000 பேர். மெர்க்கெல் சொன்ன அந்த ‘நாம்’ யார் என்ற கேள்வியை வைத்தே ஏஎஃப்டி வளர்ந்தது. 2017ல் 12.6 சதவீதம், 2025ல் 20.8 சதவீதத்தோடு இரண்டாம் இடம்.

அகதிகள் வந்தார்கள், அதனால் கட்சி வளர்ந்தது என்று இதை முடித்துவிட முடியாது. ஏஎஃப்டிக்கு ஓட்டுக் குவிவது வெளிநாட்டவர் மிகுந்த மேற்கு நகரங்களில் இல்லை; குறைவாக இருக்கும் கிழக்கில்தான். துரிங்கியா மாநிலத்தில் 2024ல் 32.8 சதவீதத்தோடு முதலிடம் பிடித்தது. இரண்டு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு கிழக்கின் 8,000க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள் விற்கப்பட்டன அல்லது மூடப்பட்டன. இளைஞர்கள், அதிலும் பெண்கள், மேற்கே போய்விட்டார்கள். ஊரில் மிஞ்சியவர்களுக்கு, தாங்கள் போன பிறகு இந்த ஊர் யாருடையது என்ற கவலை. வந்தவர்களை எண்ணிப் பார்த்து வருகிற பயம் இல்லை அது. போனவர்களை எண்ணிப் பார்த்து வருகிற பயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சுவிட்சர்லாந்து இதற்கு இன்னும் துல்லியமான சாட்சி. 2009 நவம்பரில் மசூதிகளுக்கு மினார் (கோபுரம்) கட்டுவதைத் தடை செய்யலாமா என்று அங்கே பொது வாக்கெடுப்பு வைத்தார்கள். 57.5 சதவீதம் பேர் தடைக்கு ஓட்டுப் போட்டார்கள். அப்போது நாடு முழுக்க இருந்த மினார்கள் எத்தனை தெரியுமா? நான்கு. இதற்கு முன்பு, 1980களில் அகதிகளாகப் போய் இறங்கிய ஈழத்தமிழர்களும் அதே நாட்டில் சந்தேகப் பேச்சுக்கு ஆளானவர்கள்தான். இன்று அவர்களைக் கடின உழைப்பாளிகள் என்று புகழ்கிறார்கள். வெளியாள் என்ற இடம் காலியாவதில்லை, ஆள்தான் மாறுகிறது.

வளர்ச்சியின் அடுத்த பாதி, மற்ற கட்சிகள் நடந்துகொண்ட விதத்தில் இருக்கிறது. ஆஸ்திரியாவின் சுதந்திரக் கட்சி 1956ல் தொடங்கப்பட்டது, முதல் தலைவர் ஹிட்லரின் எஸ்.எஸ். படையில் அதிகாரியாக இருந்தவர். யோர்க் ஹைடர் தலைமையில் அது 1999ல் 27 சதவீதத்தைத் தொட்டு, 2000ல் கூட்டணி ஆட்சியில் சேர்ந்தபோது ஐரோப்பாவே அலறியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மற்ற 14 உறுப்பு நாடுகள் வியன்னாவுடனான உறவைச் சில மாதங்களுக்கு உறைய வைத்தன. 2022ல் இத்தாலியில் ஜார்ஜியா மெலோனி பிரதமரானார். அவர் அரசியல் பழகியது, முசோலினியின் ஆட்கள் 1946ல் தொடங்கிய கட்சியின் இளைஞர் அணியில். அந்தக் கட்சியின் தீச்சுடர் சின்னம் அவருடைய இத்தாலியின் சகோதரர்கள் கட்சிக்கொடியில் இன்னும் எரிகிறது. 2018ல் 4 சதவீத சொச்சம் வாங்கிய கட்சி நான்கே வருடத்தில் 26 சதவீதம். இந்த முறை எந்த நாடும் உறவை உறைய வைக்கவில்லை. வாழ்த்துத் தந்திகள்தான் போயின.

நடுவில் என்ன நடந்தது? பெரிய கட்சிகள் ஒவ்வொன்றாக அந்தப் பேச்சைக் கடன் வாங்கின. இங்கிலாந்தில் 2015 தேர்தலில், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டும் என்ற யூகிப் கட்சி வாங்கியது சுமார் 39 லட்சம் ஓட்டு, கிடைத்தது ஒரே ஒரு இடம். நம் ஊர் மாதிரி தொகுதிவாரித் தேர்தல் முறை அது, அதனால் அணை போல் தடுத்தது. ஆனால் யூகிப்புக்குப் பயந்து பிரதமர் கேமரன் 2013லேயே, ஒன்றியத்தில் நீடிக்கலாமா என்று பொது வாக்கெடுப்பு வைப்பதாக வாக்குறுதி கொடுத்திருந்தார். 2016ல் 51.9 சதவீதம் பேர் விலக ஓட்டுப் போட, 2020ல் நாடே ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. ஒரு இடம் வைத்திருந்த கட்சி தன் முதன்மைக் கோரிக்கையை நிறைவேற்றிக்கொண்டது. டென்மார்க்கில் சமூக ஜனநாயகக் கட்சியே குடியேற்றத்தில் கடுமை காட்டியது. குடியேற்றத்தை எதிர்த்து 2015ல் 21 சதவீதம் வைத்திருந்த டேனிஷ் மக்கள் கட்சி 2022ல் 2.6க்குச் சுருங்கியது. இதுதான் மருந்து என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த ஓட்டில் நிறைய, அதே சரக்கை விற்கும் புதுக் கடைகளுக்குப் போனதை அவர்கள் கவனிப்பதில்லை.

ஆட்சிக்கு வந்தால் என்ன செய்கிறார்கள் என்பதில் ஒரே விடை கிடையாது. ஹங்கேரிதான் கடைசிவரை போன உதாரணம். விக்டர் ஓர்பனின் ஃபிடெஸ் கட்சி 2010ல் மூன்றில் இரண்டு பங்கு இடத்தோடு வந்தது. மறுவருடமே புது அரசியலமைப்பு. தொகுதிகளை மாற்றி வரைந்து, 386 இடங்களை 199 ஆக்கினார்கள். 2014ல் 45 சதவீத ஓட்டே போதுமாக இருந்தது, மறுபடி மூன்றில் இரண்டு பங்கு. 2018ல் 400க்கும் மேற்பட்ட ஊடக நிறுவனங்கள், உரிமையாளர்களே முன்வந்து ‘நன்கொடையாக’ எழுதிக்கொடுத்ததால், ஒரே அறக்கட்டளையின் கைக்குப் போயின. தேர்தல் நிற்கவில்லை, பெட்டியில் ஓட்டை மாற்றிப் போடவும் இல்லை. மைதானத்தைச் சாய்த்துவிட்டு ஆட்டத்தை ஒழுங்காக நடத்தினார்கள்.

போலந்தில் சட்டமும் நீதியும் கட்சி 2015லிருந்து எட்டு வருடம் அதே பாதையில் போனது. கூடவே குழந்தைக்கு மாதம் 500 ஸ்லாட்டி என்று கையில் பணமும் கொடுத்தது. 2023ல் 74 சதவீதம் பேர் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள், ஆட்சி போயிற்று. 2025ல் அதே கட்சி ஆதரித்தவர் ஜனாதிபதியானார். மெலோனி, படகில் வருகிறவர்களைத் தடுப்பேன் என்று ஜெயித்தவர், தொழிலதிபர்களுக்கு ஆள் தேவை என்றதும் 2023 முதல் 2025 வரை 4,52,000 வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அனுமதி ஒதுக்கினார். நெதர்லாந்தில் கீர்ட் வில்டர்ஸின் கட்சி 2023ல் 150க்கு 37 இடம் பிடித்து முதலிடம் வந்தது. அந்தக் கட்சியில் சட்டப்படி உறுப்பினர் ஒரே ஒருவர், வில்டர்ஸ். மக்களின் கட்சிக்குக் கட்சிக்காரர்களே கிடையாது! கூட்டணி அரசைப் பதினோரு மாதத்தில் அவரே கவிழ்த்தார். அடுத்த தேர்தலில் 37 இடம் 26 ஆனது.

மறுபடி மரீன் லு பென்னுக்கு வருவோம். 2017 ஜனாதிபதித் தேர்தலின் இறுதிச் சுற்றில் 34 சதவீதம், 2022ல் 41 சதவீதம் என்று ஏறிக்கொண்டே வந்தவர். 2025 மார்ச் 31, திங்கள்கிழமை, பாரிஸ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. ஐரோப்பிய நாடாளுமன்றம் உதவியாளர் சம்பளத்துக்குக் கொடுத்த பணத்தைக் கட்சி வேலைக்கு எடுத்துக்கொண்டது குற்றம். ஐந்து வருடம் தேர்தலில் நிற்கத் தடை. ‘கைகள் சுத்தம், தலை நிமிர்வு’ என்று ஒரு காலத்தில் கோஷம் போட்ட கட்சி அது. அவர் மேல்முறையீடு செய்தார்.

எனான்-போமோனில் சோஷலிஸ்ட்டுகளைக் கவிழ்த்ததும் ஒரு கையாடல் வழக்குதான். அங்கே கையாடல் ‘அவர்கள்’ செய்தது. இங்கே தண்டனை ‘அவர்கள்’ கொடுத்தது. தீர்ப்பு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாரிஸில் ஆதரவுக் கூட்டம் கூட்டினார்கள். பிரெஞ்சுக் கொடிகளோடு வந்தவர்களிடம் மேடையில் கணக்குவழக்கைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. மக்களின் வேட்பாளரை நீதிபதிகள் தடுக்கிறார்கள் என்றுதான் பேசினார்கள்.